காப்புக் கட்டிய ஊரின் சாட்சிகள்

என் அப்பா ஒரு கொலை வழக்கில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஊரே சொல்லும்போது நான் மட்டும் ஏன் மூடி மறைக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னைக் “கேஸ்காரன் பொண்ணு” என்று கூப்பிட்டாள். அவள் மண்டையில் சிலேட்டால் ஒன்று வைத்தேன். “பாத்தியா, அப்பனுக்குத் தப்பாம பொறந்துகீது” என்று அவள் அம்மா தெருவில் நின்று கத்தினாள். அப்பாவுக்கு எதிராக இன்னொரு சாட்சியை நானே உண்டாக்கிக் கொடுத்துவிட்டேன். அப்பா என்னைத் திட்டவில்லை. உடைந்த சிலேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “உன் கையில அடி படலியே?” என்று மட்டும் கேட்டார்.

கொலை நடந்தபோது நான் பிறக்கவில்லை. ஐம்பதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதம். பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுக்குத் தோப்பில் எங்கள் பங்காளி ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை, தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் நடந்திருக்க வேண்டும் என்று போலீசார் சொன்னார்கள். யார் அடித்தது என்பது இன்றுவரை தெரியாது. தோப்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் மதில் சுவர் நிற்கிறது.

சந்தேகம் அப்பாமேல் விழுந்ததற்குக் காரணம் வண்டல் மண். கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி நிலத்துக்கு அடிப்பார்கள். அந்த வருஷம் ஆடியிலும் ஏரி நிரம்பவில்லை; கொலைக்கு முந்தின வாரம் ஒரே குழியில் அப்பாவின் வண்டியும் பெரியப்பாவின் வண்டியும் நின்றதில் தகராறு வந்திருக்கிறது. “உன்ன இந்தக் குழியிலயே போட்டுப் பொதச்சிடுவேன்” என்று அப்பா கத்தியதைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அது ஒருவன் தன் சொந்த மாட்டைப் பார்த்துத் தினமும் சொல்கிற வார்த்தை. ஆனால் மாடு மறுவாரம் செத்துக் கிடப்பதில்லையே.

இனி காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மனுக்கும் பூசாரிக்கும் மஞ்சள் கயிறு கட்டியாகிவிட்டால், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லையைத் தாண்டி வெளியில் தங்கக் கூடாது. பகலில் வேலைக்குப் போகலாம். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். மீறினால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பார்கள். நம்புகிறவனும் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவான், நம்பாதவனும் வந்துவிடுவான். வர முடியாதவன் வந்துவிட்டதாகச் சொல்லுவான்.

இது விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. அவர் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். வீடு வீடாக, “நேற்றுச் சாயங்காலம் எங்கே இருந்தாய்?” என்று கேட்டிருக்கிறார். ஊர் மொத்தமும் ஒரே பதிலைச் சொன்னது: “ஊர்லதாங்க இருந்தேன்.” பூந்தமல்லிக்கு மாடு பார்க்கப் போய் அங்கேயே தங்கியவன் சொன்னான். காஞ்சிபுரத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தவனும் சொன்னான். “இந்த ஊரில் எவனுக்கும் வெளியிலே ஜோலியே கிடையாதா?” என்று அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாராம். பொய் சொல்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். எதற்குப் பொய் என்பதைக் கண்டுபிடிக்கவில்லை. ஊர் கூடி ஒரு கொலைகாரனை மறைக்கிறது என்று நினைத்தார். ஊர் அவரவர் வீட்டு உயிரை அம்மனிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தது.

அப்பாவும் “ஊர்லதான் இருந்தேன்” என்றார். ஆனால் எங்கள் வீட்டில் விளக்கே எரியவில்லை, கதவு வெளியே பூட்டியிருந்தது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். அடி விழுந்ததும் அப்பா பேச்சை மாற்றினார். தண்டலத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன் என்றார். வைகாசியில்தான் கல்யாணம். ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆடி மாதம் மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்ற பயம். போலீஸ் ஜீப் தண்டலம் போய் அம்மாவைக் கேட்டது. அம்மா, “வரல” என்றாள்.

அதற்குப் பிறகு அப்பாவைச் சில வாரங்கள் வைத்திருந்தார்கள். அவருடைய இடது கைச் சுண்டுவிரல் கடைசிவரை மடங்கவில்லை. கோர்ட்டில் நிற்கிற அளவுக்குச் சாட்சியம் தேறாததால் விட்டுவிட்டார்கள். வேறு யாரையும் பிடிக்கவும் இல்லை.

நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. யார் எதைச் சொன்னாலும் மனதுக்குள் எதிர் வக்கீல் ஒருவர் எழுந்து நிற்பார். அவரை வைத்துக்கொண்டு அப்பாவின் வழக்கை நான் பல தடவை நடத்தியிருக்கிறேன். சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு ஆடித் திருவிழாவிலும் கூழ் குடித்து முடித்ததும் அவர்கள் தங்கள் வாக்குமூலத்தைத் திரும்பச் சொல்லுவார்கள், கூத்துக்காரர்கள் வருஷா வருஷம் அதே வேஷம் கட்டுகிற மாதிரி.

முதல் சாட்சி, ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள். தலையில் துண்டு கட்டிய ஆள் ஒருவன் கரைமேல் தோப்பை நோக்கிப் போனதைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் தலையில் துண்டு கட்டாத ஆண்பிள்ளை யார்? “அவனா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, “அவனாத்தான் இருக்கும்” என்றிருக்கிறார். எனக்கு விவரம் தெரிந்தபோது அது “அவனேதான்” என்று ஆகியிருந்தது. நான் வயதுக்கு வந்தபோது அப்பா கையில் ஒரு கடப்பாரையும் ஏறிவிட்டது. தவிர, அந்த அம்மாளுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் தன் ஆட்டையே பக்கத்து வீட்டுப் பட்டியில் கட்டிவிட்டு வருவார். இந்தச் சாட்சியை நான் சுலபமாகத் தள்ளிவிட்டேன்.

இரண்டாவது, வண்டிக்காரர் ஒருவர். அன்று மாலை தன்னை வண்டியில் ஏற்றி, தண்டலம் போகிற வழியில் பென்னலூர் ரோட்டில் இறக்கிவிட்டவர் என்று அப்பா சொன்ன ஆள். அவர் போலீசிடம், “காப்புக் கட்டினப்பறம் என் வண்டி எல்லையத் தாண்டலீங்க” என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். குடித்திருந்தால், “ஆமா, நான்தான் ஏத்திகினு போனேன், பாவம் புது மாப்பிள” என்பார், தெளிந்ததும், “யாரு, நானா?” என்பார். எந்த நிலையில் சொன்னது சத்தியம் என்று எடுத்துக்கொள்வது? ஒரு தடவை நேராகவே சண்டைக்குப் போனேன். “போலீசு அடிச்சா நாலு நாள்ல ஆறிடும்மா. ஆத்தா அடிச்சா?” என்றார்.

மூன்றாவது சாட்சியைத்தான் என்னால் அசைக்க முடியவில்லை. அவர் செத்துப்போனவரின் மனைவி, என் பெரியம்மா. “ஏரிக்குப் போயி வண்டல் குழியப் பாத்துட்டு வரேன்னு போனாரு. அதோட வரல” என்று அவர் சொல்லியிருந்தார். தகராறு நடந்த அதே குழி. கூட ஒரு வார்த்தை கிடையாது, குறையவும் குறையாது, வருஷங்கள் போயும் மாறவில்லை. அப்பாவின் பெயரை அவர் சொல்லவே இல்லை. சொல்லாமலே சொன்னதாக ஆகிவிட்டது. மூன்று வயதுப் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக நின்றவர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்?

சாட்சிகளுக்குமேல் ஊருக்கு ஆளுக்கொரு கதை இருந்தது. பெங்களூர் ரோட்டு லாரித் திருடர்கள் என்று ஒரு கட்சி. நிலத்துக்காகச் சொந்த அண்ணனே ஆள் வைத்தான் என்று இன்னொரு கட்சி. அந்த அண்ணனோ எழுந்து நடமாட முடியாத சீக்காளி. பிணம் கிடந்த தோப்பு எல்லைக் கல்லுக்கு வெளியே இருந்ததால், ஆத்தாவே அடித்துவிட்டாள் என்று மூன்றாவது கட்சி. ஆத்தா அடித்தால் அம்மைதானே போடும், மண்டையில் கட்டையாலா போடுவாள் என்று நான் சிரிப்பேன். பூசாரி என்னை ஜாடையாகத் திட்டுவார்.

அப்பாவை நேராகவே கேட்டிருக்கிறேன். “நீ தண்டலம் போனியா, இல்லியா?” அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, “அதான் உங்கம்மா வரலன்னு சொன்னால்ல, அப்ப வரல” என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். பெற்ற மகளுக்காவது உண்மையைச் சொல்லக் கூடாதா?

அவருக்கு ஊர் என்ன நினைத்தாலும் கவலை இல்லை. ஒருத்தர் மட்டும் நம்ப வேண்டும் என்று கிடந்தார். பெரியம்மாதான் அவருக்கு அண்ணி. தாயில்லாமல் வளர்ந்த அப்பாவுக்குச் சின்ன வயதில் சோறு போட்டது அந்த அண்ணிதான். கொலைக்குப் பிறகு அப்பா தெருவில் வந்தால் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். “எங்கண்ணி ஒரு வார்த்த, ‘நீ செய்யல’ன்னு சொல்லிட்டா போதும். அப்பால நான் செத்தாலும் பரவால்ல” என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கத்தில் முதல் பத்திரிகை மூத்த பங்காளி வீட்டுக்குப் போக வேண்டும்; இப்போது அது பெரியம்மா வீடு. அப்பா தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்துக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் அதே தட்டோடு திரும்பி வந்தார். தெருமுனைவரைக்கும்தான் போயிருக்கிறார். தட்டை அலமாரிமேல் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நான் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சாமியாடினேன். “அவுரு அங்க வந்தாரா இல்லியா, இன்னிக்காவது சொல்லும்மா” என்று கத்தினேன். அம்மா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கரைத்து முடித்துக் கையைக் கழுவினாள். பிறகு முகம் சிவந்து, நிச்சயமானவள் நானா அவளா என்று தெரியாத மாதிரி ஒரு வெட்கத்தோடு, “வந்தாரு” என்றாள்.

“வெளக்கு வெக்கிற நேரம். பின்பக்கம் படல நீக்கிகினு வந்து நின்னாரு. கையில ஒண்ணியும் இல்ல. இன்னாத்துக்கு வந்தேன்னு கேட்டா, சும்மா உன்னப் பாக்கணும்னு தோணிச்சின்றாரு. எங்கப்பாரு பாத்தா வெட்டிடுவாரு. மாட்டுக் கொட்டாயில ஒளிச்சி வெச்சி சோறு போட்டேன். கோழி கூவறதுக்குள்ள பூட்டாரு.”

“அப்ப ஏன் வரலன்னு சொன்ன?”

“ஜீப்பு வந்து நிக்கிது. எங்கப்பாரு, அண்ணனுங்க, மணியக்காரரு, தெருவே கூடிகீது. ‘ஆடி மாசம் உம்புருசன் இங்க வந்தானா’ன்னு கேக்கறாங்க. இன்னா கேசு, எதுக்குக் கேக்கறாங்கன்னு ஒருத்தரும் சொல்லல. புதுப் பொண்ணு, வேற இன்னாடி சொல்லுவேன்? வரலன்னேன்.”

விஷயம் தெரிந்த பிறகு மாற்றிச் சொல்லப் போனவளை அவள் அப்பாவே தடுத்துவிட்டார். சொன்ன சொல்லை மாற்றினால் உன்னையும் உள்ளே வைப்பார்கள் என்று மிரட்டியிருக்கிறார். சித்திரையில் நான் பிறந்தபோது, ஆனியிலேயே தங்கியது, நாள் தள்ளிப் பிறந்த குழந்தை என்று இரண்டு வீடும் சேர்ந்து ஊருக்குச் சொல்லிவிட்டன. வெளியே வந்த அப்பா அம்மாவைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “சாப்ட்டியா?” என்பதுதானாம். அதற்குமேல் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லையாம். சொல்லிவிட்டு அம்மா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது, நாலு சாத்து சாத்த வேண்டும் என்றும் இருந்தது.

எதிர் வக்கீல் உடனே எழுந்தார். நான் பிறந்தது, அப்பா ஆடியில் ஏதோ ஒரு நாள் வந்ததற்குத்தான் சாட்சி. அந்த நாள் வந்ததற்கு அல்ல. புருஷனுக்காகப் பெண்டாட்டி சொல்வது எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது. ஆனால் காப்பாற்றப் பொய் சொல்கிறவள் ஜீப் வந்தபோது அல்லவா சொல்லியிருப்பாள்? மடங்காத விரலை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது எதற்குப் பொய்? எனக்கு அது போதுமானதாக இருந்தது. அப்பா செய்யவில்லை. அதை நான் அதுவரை முழுசாக நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு நானே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மகளை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். “வெயில்ல வந்துகீற, ஒக்காரு” என்றார். என்னிடம் அவருக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. நான் உட்காரவில்லை. நின்றபடியே வழக்கை நடத்தினேன். மாலைக்கண், வண்டிக்காரர், அம்மா சொன்ன “வரல”, காப்புக்குப் பயந்து ஊரே சொன்ன ஒரே பொய், நான் பிறந்த சித்திரை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கடைசியில், “எங்கப்பா செய்யல பெரிம்மா” என்றேன்.

அவர் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியும்” என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

“அவரு வண்டல் குழிக்கே போவல. புள்ளைக்கு அனலா கொதிச்சிகினு இருந்திச்சி. ஸ்ரீபெரும்புதூர் கம்பவுண்டர்கிட்ட மருந்து வாங்கினு வான்னு நான்தான் தொரத்தினேன். காப்புக் கட்டிகீது, வெளக்கு வெக்கிற நேரம், காலையில போறேன்னாரு. ‘உனக்குப் புள்ள முக்கியமா, காப்பு முக்கியமா’ன்னு கேட்டுட்டேன். தோப்பு வழி குறுக்கால போனாரு. அது என்னியத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.” ஒரு கடலையை உரித்து முறத்தில் போட்டார். “அவரு அப்பிடிப் போனதும் காய்ச்சல் தானா எறங்கிடுச்சி. புள்ள ஏய்ந்து ஒக்காந்து கஞ்சி கேட்டிச்சி.”

ஏரி ஊர் எல்லைக்குள் சேர்ந்தது. ஏரிக்குப் போனார் என்றால் எல்லையைத் தாண்டவில்லை என்று ஆகும். அதற்காகத்தான் ஏரி என்றிருக்கிறார். ஏரி என்றதும் வாயில் வந்தது வண்டல் குழி. அது யார் தலையில் போய் விழும் என்று அந்த நேரத்தில் அவர் யோசிக்கவே இல்லை. நான் அசைக்க முடியாமல் வைத்திருந்த சாட்சியும் மற்றவர்கள் சொன்ன அதே பொய்தான்.

“இத்தினி வருசமா எங்கப்பாவ ஏன் பெரிம்மா?” என்றேன். கோபப்படத்தான் நினைத்தேன், வரவில்லை.

“உங்கப்பன் செய்யலன்னா யாரு செஞ்சாங்க? எவனோ ஒருத்தன் அடிச்சான், சரி. அவன் கையில கொண்டும்போயி குடுத்தது யாரு? என் வாயி. எம்பொண்ணு என்னியக் கேப்பா, ‘அப்பா எதுக்கும்மா அந்நேரத்துல அங்க போனாரு’ன்னு. ‘உனுக்கு மருந்து வாங்க’ன்னு சொன்னா அவ தாங்குவாளா? கோவப்பட ஒரு ஆளு வேணுமேடி. உங்கப்பன் மூஞ்சப் பாத்தா எனக்கு அழுவதான் வரும். அதான் செவுத்தப் பாத்து நிக்கிறேன்.”

பிறகு தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “கல்யாணத்துக்கு எம்பொண்ண அனுப்பறேன். நான் வரமாட்டேன். உங்கப்பன்கிட்ட ஒண்ணியும் சொல்லாத. வெளியில பேச்சுக் கௌம்பினா அது அவ காதுக்குப் பூடும்.” தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இவர்கள் யாரும் இன்று இல்லை, அந்த மகளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வீட்டு வாசலிலேயே அப்பா நின்றிருந்தார். காலியான கையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் தாங்க முடியவில்லை. “தட்ட வாங்கிகிச்சா? இன்னா சொல்லிச்சி? நம்பிச்சா?” என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றுதான் வந்தேன். ஆனால் அவர் ஆசைப்பட்டு ஏங்கிய ஒரே வார்த்தை என் வாய்க்குள் இருக்கும்போது எப்படிச் சொல்லாமல் இருப்பது? அவரை உள்ளே இழுத்துக்கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊரைக் கூட்டு, கோவில் வாசலில் வைத்துக் கேட்போம், இத்தனை வருஷத்துக்கும் இன்று பதில் சொல்லட்டும் என்று குதித்தேன்.

அப்பா முழுவதும் கேட்டார். நடுவில், “காய்ச்சலு எறங்கிடுச்சாமா?” என்று ஒரு தடவை கேட்டார். வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அத்த அப்பிடியே வுட்டுடும்மா” என்றார். “என் மேலயே இருந்துட்டுப் போவட்டும். அண்ணி தனியாக் கீது, அது தூக்கினு திரிய முடியாது. எனக்கு நீங்க ரெண்டு பேரும் கீறீங்க.”

அம்மா இலை போட்டாள். அப்பா உட்கார்ந்து, மோருக்கு இன்னொரு பிடி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.